எழுப்பூசி

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்ட வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி வசந்தகலா வைத்த விரால்மீன் குழம்பைச் சிவநேசனால் விழுங்க முடியவில்லை.

சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே தொண்டை இறுகியது. மீன் கெட்டுப்போகவில்லை. காலையில் பொன்மலைச் சந்தையில் அவனே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வந்தது. உப்பு, புளி, காரம் எல்லாம் அளவாகத்தான் இருந்தன. ஆனால் வாய்க்குள் கிடந்தது சோறாகத் தெரியவில்லை. சாக்கடையில் ஊறிய துணியைச் சுருட்டித் திணித்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடினான். குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி வாந்தி எடுத்தான்.

"என்னப்பா ஆச்சு?" கலா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"ஊசிதான். குமட்டும்னு சொன்னாங்கல்ல."

"மீன் வேணாம்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? இரு, மிளகு ரசம் வெக்கிறேன்."

ரசமும் நிற்கவில்லை.

சிவநேசன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருப்பவன். அவனுடைய ரத்தத்தில் பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி இருப்பது சங்கம் நடத்திய ரத்ததான முகாமில்தான் தெரிய வந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றியது என்றார்கள். அப்போது அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். பிறகு கிருமி மாத்திரைக்குப் பழகிக்கொண்டது. போன வருடம் எடுத்த ஸ்கேனில் ஈரல் இறுகத் தொடங்கியிருப்பது தெரிந்தது.

ஈரல் மருத்துவர் பர்வீன் அதை அவனுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"கிருமி உங்க ஈரலை ஒண்ணும் பண்ணல சார். அது பாட்டுக்கு உள்ள குடியிருக்கு. கிருமி புகுந்த செல்லைக் கொல்றது உங்க உடம்போட காவல் செல்கள்தான். கொன்ன இடமெல்லாம் தழும்பாகுது. தழும்பு சேரச் சேர ஈரல் கல்லு மாதிரி ஆயிடுது."

"அப்ப அதுங்களைச் சும்மா இருக்கச் சொல்ல முடியாதா?"

"நீங்க குழந்தையா இருந்தப்ப சும்மாதான் இருந்துச்சு. கிருமியை வீட்டு ஆளுன்னே நெனச்சுக்கிச்சு. வயசு ஏறினதும் சந்தேகப்பட்டுச் சண்டையை ஆரம்பிச்சிருச்சு. ஆனா ஜெயிக்கிற தெம்பு இல்ல, அசந்து போச்சு. சண்டையே இல்லன்னா ஈரல் தப்பிச்சிருக்கும். முழுசா சண்டை போட்டா கிருமி ஒழிஞ்சிரும். இந்தப் பாதிச் சண்டைதான் ஆளைக் கொல்லுது."

அசந்துபோன காவல் செல்களைத் தட்டி எழுப்பும் ஊசி அந்த வருடம்தான் வந்திருந்தது. அதன் உண்மையான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நோயாளிகள் அதை எழுப்பூசி என்று சொல்லப்போக, டாக்டர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாதம் ஒன்று வீதம் ஒரு வருடம் போட வேண்டும்.

"ரெண்டு விஷயம்" என்றார் பர்வீன். "நடுவுல நிறுத்தவே கூடாது. எழுப்பி விட்ட செல்லெல்லாம் பாதியில நின்னா மறுபடியும் அதே பாதிச் சண்டைதான், ஆனா நூறு மடங்கு வேகமா. ஈரல் தாங்காது. இன்னொண்ணு, அருவருப்பு ஜாஸ்தியாகும். உடம்புக்கு ரத்தத்துல ஒரு காவல், மூக்குலயும் நாக்குலயும் ஒரு காவல். கெட்டதை வாசல்லயே துப்ப வெக்கிறதுதானே அருவருப்பு? ஒரு காவலை எழுப்புறப்போ இன்னொண்ணும் முழிச்சுக்குது. ஒரு அம்மா கறி வாசனையே ஆகாம ஓடுறாங்க. ஒருத்தர் பஸ்ல ஏற மாட்டேங்கிறாரு. சமாளிச்சுக்கங்க."

ஆகவே, மீன் குழம்பு உள்ளே இறங்காததைச் சிவநேசன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கலா கஞ்சி வைத்துக் கொடுத்தாள்; எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள்; அவனுக்கென்று தனியாக மாவு அரைத்து இட்லி ஊற்றினாள். வாயில் வைத்தால் அதே ஊறல் துணி. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் காகிதத்தில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் போட்டுவிட்டு, பணிமனை வாசலில் இருக்கும் மெஸ்ஸில் நான்கு பரோட்டா சாப்பிட்டான். அங்கே மேசையில் ஈ மொய்த்தது. தண்ணீர் டம்ளரில் யாரோ குடித்த உதட்டுச் சுவடு அப்படியே இருந்தது. பரோட்டா சிரமமில்லாமல் இறங்கியது.

பிறகு அவளுடைய துண்டில் முகம் துடைக்க முடியவில்லை. படுக்கையில் அவள் தலைமுடி வாசனை பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடம் முகம் புதைத்த தலைமுடி. வியர்க்கிறது என்று சொல்லி ஹாலில் போய்ப் படுத்தான். காரணத்தை யோசிக்கப் போகும்போதெல்லாம் மனம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. தன்மேலேயே ஒரு அசிங்கம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அது எது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அவனுடைய அக்கா புவனேஸ்வரி ஒரு சனிக்கிழமை வந்தாள். முசிறிக்கு அந்தப் பக்கம் ஊர். அவன் கலாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் இந்த வாசற்படியை மிதித்ததில்லை. கலா ஊர்க் காலனியில் பிறந்தவள். அப்பா சாகும்போதுகூட அவனுக்கு ஆள் அனுப்பவில்லை. இப்போது அவன் உடம்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, தூக்குச்சட்டியும் கையுமாக வந்து நின்று அழுதாள்.

"எப்படிடா இருந்தவன்! கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே, தம்பி!"

கலா பள்ளியில் இருந்தாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு. சிவநேசன் தட்டெடுக்க எழுந்தபோது அக்கா கையமர்த்தினாள். "தட்டெல்லாம் எதுக்கு? இலை கொண்டாந்திருக்கேன்." பையிலிருந்து நறுக்கிய வாழையிலை வந்தது. அவளுடைய சொந்தத் தண்ணீர் பாட்டில் வந்தது. அவன் அதைப் பார்த்தான். எதற்காக என்று அவனுக்குத் தெரியும். கோபம் வந்தது. அதற்குள் அவள் தூக்கைத் திறந்துவிட்டாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பின் வாசனை அவன் வயிற்றை இழுத்துப் பிடித்தது.

மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன் மாதிரி சாப்பிட்டான். மூன்றாவது முறையும் சோறு வாங்கினான். நிமிர்ந்தபோது, கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமல் கலா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

புவனேஸ்வரி அவளைப் பார்த்துக்கொண்டே தம்பியிடம் சொன்னாள்: "பாத்தியாடா? உடம்புக்குத் தெரியுது, எது நம்ம கை, எது இல்லன்னு."

சிவநேசனின் வாயில் சோறு இருந்தது. எத்தனையோ மேடையில் பேசியவன். துப்பிவிட்டு எழுந்து, வெளியே போ என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் மென்றான். விழுங்கினான்.

அக்கா போன பிறகு கலா அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாந்தி வருதா?"

"இல்ல."

"மெஸ்ல சாப்பிட்டா வருதா?"

அவன் எச்சில் இலையை மடிக்கத் தொடங்கினான்.

"நான் வெச்சா மட்டும்தான்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. "எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது, கலா."

"தெரியும். அதனாலதான் குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுத்தே." எழுந்துகொண்டாள். "அடுத்த ஊசிக்கு நானும் வர்றேன். எனக்கு அந்த டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

டாக்டர் அறையில் அவள் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "இந்த மருந்து, இவருக்குள்ள இல்லாத எதையாவது புதுசா உண்டாக்குமா?"

பர்வீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உண்டாக்காது. இருக்கிறதைத்தான் எழுப்பும். குழந்தைக்கு அருவருப்பே கிடையாதுங்க, எதை வேணா எடுத்து வாயில வெக்கும். சீ, கீழ போடுன்னு நாமதான் சொல்லிச் சொல்லிப் பழக்குறோம். அஞ்சாறு வயசுக்குள்ள பதிஞ்சது அப்படியே அடியில கிடக்கும். வளர்ந்தப்புறம் படிப்பு, கொள்கை, அன்பு எல்லாம் சேர்ந்து அதை அமுக்கி வெக்கும். மருந்து அமுக்கி வெச்ச கையை எடுத்து விட்டுருது." அவனைப் பார்த்தார். "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா சார்?"

ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தான். ஆனால் சொல்லத் தொடங்கியது வேறு. ஐந்து வயதில் அவர்கள் வயலில் கடலை பிடுங்க வந்த காலனிப் பெண் ஒருத்தி, தன் பிள்ளைக்கு அவித்துக் கொண்டுவந்த கடலையில் ஒரு கை அவனுக்கும் கொடுத்தாள். உரித்துத் தின்றான். அம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. பம்புசெட்டுக்கு இழுத்துப் போய், சொம்பு சொம்பாக உப்புத் தண்ணீரை ஊற்றி, தொண்டைக்குள் விரலை விட்டாள். கடலை வெளியே வந்த பிறகும் விடவில்லை. வெறும் பச்சைத் தண்ணீர் வரும்வரை விடவில்லை. 'எம்புள்ள வயித்துல அது தங்கக் கூடாது' என்று அழுதுகொண்டே செய்தாள். பிறகு தலைக்கு ஊற்றி, மடியில் போட்டுத் தாலாட்டினாள்.

கலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை நீ எங்கிட்டச் சொன்னதே இல்ல."

"மறந்தே போச்சு, கலா."

"உன் வயிறு மறக்கல."

பர்வீன் மெதுவாகச் சொன்னார்: "இவர் மட்டும் இல்லம்மா. இதே மாதிரி இன்னும் ரெண்டு பேர் எங்கிட்ட வந்தாங்க. கம்பெனிக்கு எழுதினேன். உணவு ஒவ்வாமைன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அதைவிட மோசம் என்னன்னா, இப்ப சில பேர் காமாலையே இல்லாத புள்ளைங்களுக்கு இந்த ஊசி கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டு வர்றாங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. கிருமி இல்லாத உடம்புல போட்டா காவல் செல்லெல்லாம் நல்ல ஈரலையே கடிச்சுத் தின்னுரும். துரத்தி விட்டுட்டேன்."

"இவருக்கு எப்ப மறையும்?" என்று கேட்டாள் கலா.

"ஊசி முடிஞ்சு நாலஞ்சு மாசத்துல அடங்கிடும்."

"மறையுமா, அடங்குமா?"

"அடங்கும்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது சிவநேசன் ஊசியை நிறுத்திவிடப்போவதாகச் சொன்னான்.

"நிறுத்தினா செத்துப் போவே. உன் சாவைத் தூக்கி என் தலையில வெக்காத." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உன் ரத்தத்துல கிருமி இருக்குன்னு தெரிஞ்சப்ப உங்க கேன்டீன்ல உனக்குத் தனி டம்ளர் வெச்சாங்க, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதே. அவனுங்க படிச்சும் புத்தி இல்லாதவனுங்கன்னு சொன்னே. எந்தட்டுலருந்துதான் எடுத்துச் சாப்பிட்டே. நான் தள்ளி உக்காரல."

"நான் வேணும்னு செய்யல, கலா."

"செய்யல. அது எனக்கும் தெரியுது. ஆனா நான் உலையில அரிசி போடுறப்பல்லாம், இது அவன் தொண்டையில என்னவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே போட முடியாதுப்பா."

எடமலைப்பட்டிபுதூரில் அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு பெட்டித் துணியோடு அங்கே போய்விட்டாள். கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள்.

சிவநேசன் தனியாகக் கிடந்தான். வாரம் ஒரு முறை முசிறி பேருந்தில் அக்காவின் தூக்குச்சட்டி வந்தது. முதல் தடவை திருப்பி அனுப்பிவிட நினைத்தான். ஈரலுக்குத் தெம்பு வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டான். ஒவ்வொரு கவளமும் ருசித்தது. ருசிக்க ருசிக்கத் தன்மேல் வெறுப்பு ஏறியது. தட்டு கழுவும்போது கண்ணாடியில் முகம் தெரிந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டான். சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்றான். பரிசோதனைகளில் மட்டும் கிருமி மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. காவல் செல்கள் பிரமாதமாக வேலை செய்கின்றன என்று பர்வீன் சொன்னபோது, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஒன்பதாவது ஊசி போட்ட பிறகு புவனேஸ்வரி மறுபடியும் நேரில் வந்தாள். இலையைப் போட்டுச் சோற்றை வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்பொண்ணு தர்ஷிணி விஷயம் உங்காதுக்கு வந்துச்சா? காலேஜ்ல ஒரு பயலோட சுத்துறா. உம்பொண்டாட்டி வகையறா."

"அவ இஷ்டம்க்கா."

"உனக்கு அப்படித்தான் இருக்கும். சரி, நான் சண்டைக்கு வரல." குரலைத் தழைத்தாள். "உனக்கு மாசாமாசம் ஊசி தர்றாங்கல்ல? ஒண்ணு எனக்கு வாங்கிக் குடுடா."

அவனுக்கு உடனே புரியவில்லை. "அவளுக்குக் காமாலையா?"

"காமாலைக்கு இல்லடா. உனக்கு வேலை செஞ்சுச்சே, அதுக்கு. அவளுக்கே சீன்னு ஆகணும். எங்க ஆளுங்க நாலஞ்சு வீட்ல போட்டுட்டாங்க. அடிக்க வேணாம், வெட்ட வேணாம், போலீசு கோர்ட்டு ஒண்ணும் வேணாம். அந்தப் பயலுக்கும் ஒரு கெடுதல் இல்ல, உசுரோட இருந்துட்டுப் போறான். இவளே மூக்கைப் பொத்திக்கிட்டு வீடு வந்து சேந்துருவா. எவ்வளவு நல்ல வழி பாரு."

அவள் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. கொலை செய்யாமல் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி. சிவநேசனுக்குக் குமட்டியது. இந்தக் குமட்டல் தொண்டையிலிருந்து வரவில்லை.

"கிருமி இல்லாதவங்களுக்குப் போட்டா ஈரல் போயிரும்க்கா. செத்துப் போவா."

"ஒண்ணு ரெண்டுக்கு ஒண்ணும் ஆகாதாம். எங்கூர்ல ஊசி போடுற கம்பவுண்டர் சொன்னாரு."

"வெளிய போ."

"என்னடா?"

"வெளிய போக்கா!"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையைச் சோற்றோடு மடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டான். தூக்கில் மீதி இருந்ததையும் கவிழ்த்தான். குடல் அதற்காகக் கெஞ்சியது. வாயில் எச்சில் ஊறியது. அதையும் துப்பினான்.

புவனேஸ்வரி தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ இல்லன்னா இன்னொருத்தன். இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்குக் காட்டினதே நீதான்டா. உன்னைப் பாத்துத்தான் நானே தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் போனதும் கலாவுக்கு ஃபோன் செய்தான். முழுக்கக் கேட்டாள். "உங்கக்கா வீட்டு விலாசத்தை அனுப்பு" என்றாள். அவளிடம் படித்த ஒரு பெண் முசிறி மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தாள். மறுநாள் காலையில் வாடகைக் காரில் இருவரும் கிளம்பினார்கள். பின்சீட்டில் கலா அவன் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. கார் நகர்ந்ததுமே சிவநேசன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டான்.

"ஏசியை நிறுத்திருங்க" என்று டிரைவரிடம் சொன்னாள் கலா. "அவருக்குக் காத்து வேணும்."

காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போய் அக்காவின் வீட்டில் இறங்கியபோது, தர்ஷிணி உள்ளறைக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண்ணின் வெள்ளை, மஞ்சளைக் கரைத்து ஊற்றினாற்போல இருந்தது. முதல் ஊசி போன வாரமே போட்டாகிவிட்டது. புவனேஸ்வரி தம்பியிடம் கேட்டு வந்தது இரண்டாவதுக்கு. கம்பவுண்டர் விலை ஏற்றிவிட்டானாம்.

பர்வீன் தர்ஷிணியைத் தீவிர சிகிச்சையில் வைத்தார். காவல் செல்களை மறுபடியும் தூங்க வைக்க மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று சில நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மஞ்சள் மெல்ல இறங்கியது. வாய்வழியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்றதும் புவனேஸ்வரி டம்ளரும் கரண்டியுமாக உள்ளே போனாள். போன வேகத்தில், புடவையெல்லாம் வாந்தியோடு திரும்பி வந்தாள்.

உள்ளேயிருந்து தர்ஷிணி கத்துவது கேட்டது. "கிட்ட வராதம்மா! நாறுது! உங்கை நாறுது!"

டாக்டர் விசாரித்தார். பாலில் தூக்க மாத்திரையைக் கலந்து, மடியில் தலையை வைத்துத் தட்டிக் கொடுத்து, மயங்கும்வரை புவனேஸ்வரிதான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். ஊசி போட்ட பிறகும் அணைத்துப் படுத்திருக்கிறாள்.

"அவளுக்கு அந்தப் பையன்மேல எந்த அருவருப்பும் அடியில கிடக்கல" என்றார் பர்வீன். "அஞ்சு வயசுலருந்து ஹாஸ்டல்ல எல்லாரோடயும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்திருக்கா. எழுப்புறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. மருந்து ஏறி உடம்பு நோகுறப்போ நாக்குல இருந்தது நீங்க குடுத்த பால். மூக்குல இருந்தது உங்க வாசனை. அதைத்தான் விஷம்னு பதிஞ்சு வெச்சிருக்கு."

"எப்ப சரியாகும் டாக்டர்?"

பர்வீன் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

கலா டம்ளரைக் கழுவி, புதிதாகக் கஞ்சி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். "அத்தை, நீங்களே ஊட்டுங்க" என்றாள் தர்ஷிணி. முழு டம்ளரும் இறங்கியது. சாயங்காலம் அந்தப் பையன் இட்லி வாங்கி வந்தான்; அதையும் சாப்பிட்டாள். வராந்தாவில் புவனேஸ்வரி சுவரோரம் உட்கார்ந்து, பெற்ற பெண் தன்னைப் பார்த்துச் சீ என்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிவநேசன் பார்த்துக்கொண்டு நின்றான். இரக்கம் வரவில்லை. அவளைப் பார்க்கவே கூசியது. அவள் கொடுத்ததைத் தின்று வளர்ந்த தன் உடம்பையும் கழற்றிப் போட்டுவிட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கம்பவுண்டர்மேலும் புவனேஸ்வரிமேலும் வழக்குப் பதிவானது. சிவநேசன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். தர்ஷிணி ஈரலில் தழும்போடு வீடு திரும்பினாள். அம்மா வீட்டுக்கு இல்லை, பெண்கள் விடுதிக்கு.

அவனுடைய ஊசிகள் முடிந்தன. ரத்தத்தில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. பர்வீன் கைகுலுக்கினார். அதற்குப் பிறகும் சில மாதங்கள் ஓடின. ஒரு நாள் சங்கத் தோழர் வீட்டு விசேஷத்தில், காலனிப் பெண்கள் சமைத்த பிரியாணியை யோசிக்காமல் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அங்கிருந்து நேராகப் புதூருக்குப் போனான்.

கலா கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் அவனை 'நீ' என்றுதான் அழைப்பாள். யாரையோ சொல்கிறாள் என்று நினைத்து அவன் திரும்பிக்கூடப் பார்த்தான்.

"எனக்குச் சரியாயிடுச்சு கலா. இப்பக் கூட... ஏதாவது இருந்தா போடேன். நீயே பாரு."

தக்காளி சாதம் இருந்தது. தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, சன்னலோரம் போய் நின்றுகொண்டாள். அவன் சாப்பிட்டான். பட்டை கொஞ்சம் தூக்கல், அவளுடைய கைப்பழக்கம். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டான். வயிறு எதுவும் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வா கலா."



"உங்க ரிப்போர்ட்டை டாக்டர் காமிச்சாங்க. சந்தோஷமா இருந்துச்சு, நெஜமா. உங்களைத் திட்டணும்னுகூடத் தோணல. நீங்க என்ன பண்ணுவீங்க?" அவன் பக்கம் திரும்பினாள். "ஆனா அன்னிக்கு உங்க அக்கா அதைச் சொன்னப்ப, நீங்க வாயில இருந்ததை மென்னு முழுங்குனீங்க. தொண்டை ஏறி இறங்குனதை நான் பாத்துக்கிட்டு நின்னேன். அது போக மாட்டேங்குது. அன்னிக்குக் கார்ல வர்றப்ப நீங்க மட்டும் மூச்சைப் பிடிக்கல, நானும்தான். ஆஸ்பத்திரியில நீங்க கிட்ட வந்து நின்னப்பல்லாம் வயித்தைப் பிரட்டுச்சு. ரொம்ப முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். நான் எந்த ஊசியும் போட்டுக்கல, நாலஞ்சு மாசத்துல அடங்கிடும்னு சொல்றதுக்கு."

"அப்ப நான் இங்க வரக் கூடாதா?"

"வாங்க. எப்ப வந்தாலும் சோறு போடறேன். கூட இருன்னு மட்டும் கேக்காதீங்க."

அவன் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அங்கயே வெச்சிருங்க. நான் பாத்துக்கறேன்."

வைத்தான். அவன் வாசலைத் தாண்டும்வரை அவள் சன்னலோரத்திலிருந்து நகரவில்லை. படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு எழுந்தவன், திறந்திருந்த கதவு வழியாக ஒரு முறை உள்ளே பார்த்தான். கலா தட்டின் விளிம்பை இரண்டே விரல்களால் பிடித்து, கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.